மைசூர் மைன்ஸும் மாறிப்போகும் உரிமையும்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில் மண்ணுக்கடியில் பாறை உடைத்த ஒரு தொழிலாளி, பக்கத்திலேயே இருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை என்று கேள்விப்பட்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே மாறிப்போக நினைத்திருந்தால் எது அவரைத் தடுத்திருக்கும்? கையெழுத்திட்ட பத்திரம் எதுவும் தடுத்திருக்காது. இந்த வேலையை விட்டபின் இத்தனை காலத்துக்கு, இத்தனை மைல் சுற்றளவில், இதே தொழிலில் வேறொருவரிடம் சேரக் கூடாது என்று எழுதி வாங்கும் வழக்கத்தை இன்று ‘நான்-கம்பீட்’ என்கிறோம். தங்கவயல் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளில் அப்படி ஒரு தாளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மாறிப்போவது எளிதாக இருக்கவில்லை. இந்தியாவில் வேலை மாறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சட்டப் புத்தகத்தின் ஒரு பிரிவைக் காட்டி, இங்கே அந்த உரிமை 1872-லேயே உறுதியாகிவிட்டது என்கிறார்கள். அந்தப் பிரிவு எத்தனை பேருக்குப் பயன்பட்டது, எத்தனை பேரைத் தொடாமலே போயிற்று என்பதை அறியத் தங்கவயலைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் சட்டத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலையோ வணிகத்தையோ ஒருவர் செய்யக் கூடாது என்று தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இங்கிலாந்தில் நீதிபதிகள், தடை ‘நியாயமான’ அளவில் இருந்தால் செல்லும் என்று சொல்லிவந்த காலம் அது. இங்கே அந்தச் சலுகையைச் சேர்க்கவில்லை. நியூயார்க் மாநிலத்துக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் தயாரித்த சட்ட வரைவிலிருந்து இந்த வாசகம் வந்தது. அதே வரைவிலிருந்து அதே 1872-இல் கலிபோர்னியாவும் இந்த விதியை எடுத்துக்கொண்டது. சிலிகான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவ முடிந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். 1874-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரே வட்டாரத்தில் பித்தளைக் கடை வைத்திருந்த இருவரில் ஒருவர், பணம் தருகிறேன், நீ கடையை மூடு என்று மற்றவரிடம் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஒரு பகுதிக்கு மட்டுமான தடையும் தடைதான், ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. 1885-இல் பிரம்மபுத்திரா தேயிலைக் கம்பெனி தன்னிடமிருந்து விலகிய ஓர் ஊழியர் மேல் தொடுத்த வழக்கிலும், ஐந்து ஆண்டுக்கு நாற்பது மைல் சுற்றளவில் தேயிலைத் தொழிலில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனை செல்லவில்லை. வேலையில் இருக்கும் காலத்தில் வேறிடத்தில் வேலை செய்யாதே என்பது செல்லும், விலகியபின் தடுப்பது செல்லாது என்ற கோடு அங்கிருந்து தொடங்கி, உச்ச நீதிமன்றத்தின் 1967 கோலிகரி வழக்கு, 1980 முர்காய் வழக்கு வழியாக இன்றுவரை நீள்கிறது. இது பெருமைப்பட வேண்டிய கோடுதான்.

ஆனால் அந்த வழக்குகளை நடத்தியவர்கள் யார் என்று பார்த்தால் கடைக்காரர், தேயிலைக் கம்பெனியின் ஊழியர், கிளை மேலாளர் என்றுதான் பட்டியல் போகிறது. அதே அசாமில், விலகிய ஊழியர் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்த அதே காலத்தில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடிய கூலியை வாரண்ட் எதுவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு வரும் அதிகாரம் தோட்டக்காரர்களுக்குச் சட்டப்படியே இருந்தது. அசாமுக்கு வெளியேயும் செல்லும் இன்னொரு சட்டமும் இருந்தது. கல்கத்தா வணிகர் சங்கத்தின் மனுவைக் கேட்டு 1859-இல் இயற்றப்பட்ட பதின்மூன்றாம் சட்டம் அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைச் செய்யாமல் போனால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். அதற்கும் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாளிக்கு. கடன் பாக்கி வைத்த வியாபாரி சிவில் கோர்ட்டுக்குப் போவார், முன்பணம் பாக்கி வைத்த கூலிக்காரர் ஜெயிலுக்குப் போவார். இந்தச் சட்டம் 1926 ஏப்ரலில்தான் ஒழிந்தது. ஆக, தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற விதியும், வேலையை விட்டுப் போகிறவருக்குச் சிறை என்ற விதியும் ஐம்பத்து நான்கு வருஷம் இந்த நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஒன்று ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு, மற்றது முன்பணம் வாங்குகிறவர்களுக்கு.

இந்தப் பின்புலத்தில்தான் தங்கவயலுக்கு ஆட்கள் வந்தார்கள். மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் 1875-இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். லண்டன் பங்குதாரர்களின் பணம் வந்தது. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் மைசூர் மைன்ஸ் வளமான தங்க ரேகையைத் தொட்டதும் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். இங்கே ஒரு ஆட்சேபம் எழும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்த மக்களுக்குச் சுரங்கம் சிறை அல்ல, விடுதலையே என்பார்கள். ஊரில் அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையாளாக நின்ற வாழ்க்கையை விட்டு, மாதச் சம்பளம் காசாகக் கையில் விழும் இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள். தங்கவயலே வேலை மாறியவர்களால் உண்டான ஊர்தான். அதன் பலனும் கண்கூடு. அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவர் மறைவுக்குப் பிறகு 1926-இல் இதே தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக மீண்டும் வெளிவந்தது. மிராசுதாரின் களத்துமேட்டில் அச்சு இயந்திரம் வந்திருக்காது. இந்த ஆட்சேபத்தை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் பாடம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போவது மட்டும் ஒரு சமூகத்துக்கு இவ்வளவு தந்தது என்றால், அந்தக் கதவு ஒருமுறை திறந்து பின்னால் சாத்திக்கொண்டதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

எப்படிச் சாத்திக்கொண்டது என்றால், பெரும்பாலும் சத்தமே இல்லாமல். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று தனித்தனிக் கம்பெனிகள், தனித்தனிப் பங்குகள், தனித்தனி ஷாஃப்ட்டுகள். ஆள் தேவை மிகுந்த ஊரில் நான்கு முதலாளிகள் இருந்தால் கூலி ஏற வேண்டும், தொழிலாளிக்குத் தெரிவு வேண்டும். ஆனால் நான்கையும் நிர்வகித்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிறுவனம். போட்டியாளர் என்று ஒருவர் இருந்தால்தானே போட்டியாளரிடம் போகாதே என்று எழுதி வாங்க வேண்டும்? பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஒற்றை வாங்குபவர் சந்தை என்பார்கள். விற்க வந்தவர்கள் பல ஆயிரம் பேர், வாங்குகிறவர் ஒருவர். தங்கவயலில் விற்பனைக்கு இருந்தது உடலின் உழைப்பு, வாங்குகிறவர் சொன்னதே விலை. சுற்றிலும் வானம் பார்த்த கோலார்ச் சீமை. வேறு ஆலை இல்லை, வேறு வேலை இல்லை.

அதற்கு மேல் வீடு. மூங்கில் தட்டியால் கட்டிய குடிசைகள்தான் தொடக்கக் காலத்து லைன் வீடுகள். ‘தட்டி’ என்றே அவற்றுக்குப் பெயர். மழைக்கு ஒழுகும், நெருப்புக்கு அஞ்சும். ஆனாலும் அது கம்பெனி இடத்துக் கம்பெனி வீடு. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரமும் முதலில் கம்பெனியின் இயந்திரங்களுக்குத்தான். வேலையை விட்டால் கூரையும் போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் யாரும் ஒப்பந்தம் நீட்ட வேண்டியதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது என்ற கேள்வியே போதும். கூடவே மேஸ்திரி. ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தவர், வழிச்செலவுக்கும் முன்பணத்துக்கும் கணக்கு வைத்திருப்பவர், ஷிஃப்டில் பெயர் சேர்ப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருந்தால், அவரை மீறிப் போகிறவர் கடனோடுதான் போக வேண்டும்.

கம்பெனித் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. அதுவும் இன்றைய வாதத்தின் தாத்தா என்பதால் நின்று கேட்க வேண்டும். இன்று மென்பொருள் நிறுவனமோ மருந்து நிறுவனமோ, எங்கள் ரகசியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால்தான் கட்டுப்பாடு என்று சொல்கிறது. தங்கவயலில் ரகசியத்தின் இடத்தில் தங்கமே இருந்தது. தாதுக்கல்லின் ஒரு துண்டு மடியில் போனாலும் நஷ்டம்தான், திருட்டு நடந்ததும் உண்மை. அதனால் தொழிலாளியைச் சோதனை போட்டே வெளியே விட்டார்கள். திருடனைப் பிடிக்கத் திருட்டுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் திருட்டைக் காரணம் காட்டி வரும் கட்டுப்பாடு திருடாதவரையும் சேர்த்தே கட்டுகிறது என்பதை 1930 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில், தொழிலாளிகள் எல்லோரும் விரல்ரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற புதிய விதி வந்தது. அங்கே பதிவு பெற்ற தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லாத காலம். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்களில் வேலை நின்றது.

கூலி உயர்வுக்கு நடக்கும் வேலைநிறுத்தம் எளிதில் புரியும். ஒரு மை தடவிய விரலுக்காக மூன்று வாரச் சம்பளத்தை ஏன் விட்டார்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வீண் பயம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஜெயிலில் எடுப்பதைத் தன்னிடம் எடுக்கிறார்களே என்ற மானக்கேடு ஒன்று. இன்னொன்று இன்னும் நடைமுறையானது. மேஸ்திரியோடு சண்டை போட்டோ, ஊருக்குப் போய்த் திரும்பத் தாமதமானதாலோ ஒரு சுரங்கத்தில் பெயர் அடிபட்டவர், வேறு பெயர் சொல்லி வேறு மேஸ்திரியின் கீழ் அடுத்த சுரங்கத்தில் சேர்ந்துகொள்ளலாம். எல்லாச் சுரங்கங்களுக்கும் ஒரே நிர்வாகம் என்ற சுவரில் அவருக்கு மிச்சமிருந்த சந்து அது ஒன்றுதான். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. பதிவேடு வந்தால் சந்து அடைபட்டுவிடும். தங்களுக்கு வேலை மாறும் உரிமை எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்பதை அவர்கள் மிகத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

கடல் தாண்டிய தமிழர்கள் இதே விஷயத்தை ஒரு தாளின் வடிவில் கண்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். தமிழ்ச் சொல்லே ஆங்கிலத் துரைகளின் ஆவணங்களிலும் ஏறிவிட்டது. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்களுடைய கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்பதே அதன் சாரம். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். அடைத்த தொகை மறுநாளே அவர்களுடைய புதுக் கடனாகப் புதுக் கணக்கில் ஏறும். ஆள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் கங்காணிகள் துண்டோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள், கடன் தொகை ஒவ்வொரு மாற்றத்திலும் பெருத்தது. வேலை மாற முடிந்தது, மாற மாறக் கட்டு இறுகியது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். தங்கவயலில் துண்டு இல்லாததற்குக் காரணம் அங்கே தாராளம் அதிகம் என்பதில்லை. இலங்கையில் ஒருவரோடொருவர் போட்டி போட்ட நூற்றுக்கணக்கான தோட்டங்கள் இருந்தன, தங்கவயலில் நிர்வாகம் ஒன்றே.

தொழிலாளிகள் நினைத்தபோதெல்லாம் ஊருக்குப் போனார்களே, அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஆள் வராமல் கம்பெனிகள் திண்டாடினவே, இது எப்படி அடிமைத்தனம் என்று கேட்கலாம். அடிமைத்தனம் என்று நான் சொல்லவில்லை. ஊர் ரயிலில் போய்விடும் தூரத்தில் இருந்தது, போனார்கள். ஆனால் ஓடிப்போக முடிவதும் மாறிப்போக முடிவதும் வேறுவேறு. ஓடிப்போகிறவர் சம்பள பாக்கியை விட்டு, வீட்டை விட்டு, கற்ற வேலையின் மதிப்பையும் விட்டுவிட்டுப் போகிறார். மாறிப்போகிறவர் அதையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். கையில் எடுத்துப் போவதைத்தான் உரிமை என்று சொல்ல முடியும். சுரங்கத் தொழிலாளி எடுத்துப் போனதில் ஒன்று நுரையீரலில் படிந்த கல்தூசி. 1940-களில் தங்கவயலில் 7653 பேரைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. இருமி இருமி மூச்சு வாங்கும் ஒருவர் வேறு வேலை தேடிப் போகும்போது அவரை எந்த முதலாளி எடுத்துக்கொள்வார்?

1956-இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போயின, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. வேலைக்குப் பாதுகாப்பும் சேமநிதியும் வந்தன. தகப்பன் பார்த்த வேலைக்கு மகன் போவதைப் பெருமையாக நினைத்த காலம் அது, அந்தப் பெருமையில் பொய் ஒன்றும் இல்லை. வேலை மாறும் உரிமையைவிட மாற வேண்டிய அவசியமே இல்லாத வேலை மேல் என்பவர்களுக்கு நல்ல உதாரணமும் அதுதான். ஆனால் ஒற்றை முதலாளி இப்போது பெயரளவிலும் ஒற்றையானார். 2001 பிப்ரவரி 28-இல் அவர் கதவை மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தடுக்க எந்த ஒப்பந்தமும் இல்லை, எங்கும் போகலாம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் பாறை எப்போது வெடிக்கும் என்று காதால் அறியும் திறமைக்கு விலை கொடுக்க, மாநிலத்தின் வடகிழக்கில் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியைத் தவிரக் கர்நாடகத்தில் சொல்லும்படியான வேறு தங்கச் சுரங்கம் இல்லை. சம்பள பாக்கிக்கும் குடியிருந்த வீட்டின் உரிமைக்கும் வருஷக்கணக்காக அலைந்தவர்களுக்கு, எங்கும் போகலாம் என்ற சுதந்திரம் எதற்குப் பயன்பட்டது?

இப்போது மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அங்கே முதலாளிகள் பலர், சந்தை பெரியது, 27-ஆம் பிரிவும் தெளிவாக இருக்கிறது. வேலை உத்தரவில் நான்-கம்பீட் நிபந்தனை இருந்தாலும் விலகியபின் அது செல்லாது. ஆனால் புதிதாகச் சேரும் பையனைப் பிடித்து வைப்பது அந்த நிபந்தனை அல்ல. பயிற்சிச் செலவு என்று பாண்டில் எழுதிய தொகை, மூன்று மாத நோட்டீஸ், சில இடங்களில் வாங்கி வைத்துக்கொள்ளும் மூலச் சான்றிதழ், கடைசியாக ரிலீவிங் லெட்டர். அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த கம்பெனி சேர்க்காது என்றால், இலங்கைத் துரை எழுதிய சீட்டுக்கும் அதற்கும் இடையில் எழுத்துரு மட்டும்தான் வித்தியாசம். பாண்டுத் தொகையைப் புதிய கம்பெனி கட்டி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகூட அப்படியே துண்டுதான்.

முதலாளி பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு மாதம் சம்பளம் கொடுத்து வேலை கற்றுக்கொடுத்தபின் ஏழாம் மாதம் போய்விட்டால் சிறிய நிறுவனம் என்ன செய்யும்? உண்மையாகச் செலவான பணத்தைக் கணக்குக் காட்டிக் கேட்பதில் தவறு இல்லை. கணக்கே இல்லாமல், வேலை தொடங்கும் முன்பே ஒரு முழுத் தொகையை எழுதி வைப்பதுதான் மேஸ்திரியின் முன்பணக் கணக்கை நினைவூட்டுகிறது. 2025 மே 14-இல் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் இந்தக் கேள்வியைத் தொட்டது. மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை 27-ஆம் பிரிவுக்கு விரோதம் இல்லை என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஊழியர் பக்கம் சொன்ன தீர்ப்பு மாற்றப்பட்டது. பொதுத்துறை வங்கி ஆள் எடுப்பதற்கு விளம்பரம், தேர்வு என்று நீண்ட நடைமுறை உண்டு என்பதையும், வழக்காடியவர் நல்ல சம்பளம் பெற்ற மூத்த மேலாளர், அவரால் தொகையைக் கட்ட முடிந்தது, கட்டியும் விட்டார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த அளவுகோலே இன்னொரு பக்கமும் திரும்ப வேண்டும். இரண்டு லட்சம் மூத்த மேலாளருக்குச் சில மாதச் சம்பளம். மாரிக்குப்பத்தில் நாலு மணிக்கு எழுந்து ரயில் பிடிக்கும், மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் ஒருவருக்கு அது ஒரு வருஷத்து உழைப்புக்கும் மேல். 1872-இல் எழுதிய பிரிவு அவர் மேல் இதுவரை சரியாக விழவில்லை. அவரைப் போன்றவர் இரண்டு லட்சத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போக வழியும் இல்லை.